காரணம் என்ற கட்டம்

கங்கைகொண்டான் சிப்காட்டில்
குக்கர் வளையம் வார்க்கிறோம்.
அரை மணிக்கொரு தரம் ஐந்து வளையம் எடுப்பேன்,
ஊசி அமுக்கிக் கடினம் பார்ப்பேன்,
சராசரியை ஒரு புள்ளியாக்கிப் பச்சைத் தாளில் வைப்பேன்.
நடுவே அறுபது.
மேலே அறுபத்து மூன்றிலும் கீழே ஐம்பத்தேழிலும் சிவப்புக் கோடு.
இடையில் புள்ளிகள் ஏறும், இறங்கும்,
மேல்காற்றில் சிற்றாற்றுப் பாலத்தைக் கடக்கும்
சைக்கிள்காரன் போல.
தள்ளாட்டம் எல்லாம் குடியல்ல.

தாளின் ஓரத்தில் ஒரு கட்டம்: காரணம்.
எனக்கு முன்னால் இருந்தவர்
பதினாலு மாதமும் ஒரே பதிலை எழுதியிருந்தார்:
ஆள் கவனக்குறைவு.

சூப்பர்வைசர் ஞானதிரவியம் சாருக்குச்
சும்மா இருக்க முடியாது.
ஐம்பத்தொன்பது என்றால் சூட்டைக் கூட்டுவார்,
அறுபத்தொன்று என்றால் குறைப்பார்.
"விட்டுருங்க சார், நீங்க திருகத் திருகத்தான் ஆட்டம் கூடுது."
"கைய கட்டிக்கிட்டு நிக்கதுக்கா எனக்குச் சம்பளம் தாரான்?"
நாசரேத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார், இரண்டு நாள்.
இரண்டு நாளும் ஒரு புள்ளிகூட
ஐம்பத்தொன்பதைத் தொடவில்லை.
அந்தத் தாளை அவருக்குக் காட்டவில்லை.

ஆனி பிறந்தது.
ராத்திரி ஷிப்டில் ஏழு புள்ளி, வரிசையாக,
நடுக்கோட்டுக்குக் கீழே.
ஒன்றும் சிவப்பைத் தொடவில்லை. ஆனால் ஏழு.
காசைச் சுண்டினால் ஏழு தடவையும் பூவே விழுமா?
விழும், நூற்றிருபத்தெட்டில் ஒரு தடவை.
அந்த ஒரு தடவை இதுதான் என்று நம்ப
எனக்கு மனசு வரவில்லை.
கம்பெனிக்கு வேறு நம்பிக்கை இருந்தது:
முப்பிடாதிக்கு மெமோ.
"தூங்குதான்" என்றார் சார்.
"வேலிப் பக்கம் புள்ளிமான் வந்தா எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன்க்கா,
தூங்குனா மானு எப்படித் தெரியும்?" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றாம் அச்சைக் கேட்டு வாங்கினேன்.
மேற்கு ஷட்டர் திறந்து, மூடி.
வேகும் நேரம் எட்டு நிமிடம், ஆறு நிமிடம்.
ஆள் முப்பிடாதி, அல்லது பகல் ஷிப்டு கொம்பையா.
எட்டுச் சேர்க்கை. எட்டுச் சீட்டு,
செய்யது மசூதின் சாப்பாட்டு டப்பாவுக்குள்.
"தொறந்த நாலையும் மொதல்ல முடிச்சிரலாம்லா,
ஷட்டர ஏத்தி எறக்கி இடுப்பு ஒடியணுமா?"
நியாயமான கேள்வி.
"மத்தியானம் காத்து கூடும் மசூது.
அந்தப் பழி யார் தலையில விழணும்னு
சீட்டு முடிவு பண்ணட்டும், நாம பண்ண வேண்டாம்."
கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான்.
ஒவ்வொரு சீட்டிலும் எலுமிச்சைச் சாதத்து மஞ்சள்.

பொழுதடைந்ததும் கூட்டிக் கழித்தேன்.
ஆளுக்கும் ஆளுக்கும் வித்தியாசம்
ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு.
ஷட்டர் மட்டும் திறந்தால் பெரிதாக ஒன்றுமில்லை.
நேரம் மட்டும் குறைந்தாலும் அப்படித்தான்.
இரண்டும் கூடின இடத்தில்
வளையம் ஐம்பத்தெட்டுக்குச் சரிந்தது.
தனித்தனியே விசாரித்திருந்தால்
இருவரும் யோக்கியர்.

ஷட்டரைத் திறக்கவைத்தது கந்தகப் புகை.
ராத்திரிக்கு மட்டும் இரண்டு நிமிடம் குறைக்கச் சொன்ன
ஏற்றுமதி அவசரத் தாளில்
ஞானதிரவியம் சார் கையெழுத்து.
அதற்கு மேலே இன்னும் இரண்டு கையெழுத்து.

நேரம் எட்டுக்குத் திரும்பியது, புள்ளிகள் எழுந்தன.
மெமோ முப்பிடாதியின் கோப்பிலேயே கிடக்கிறது.
கொடுக்கப் படிவம் உண்டு, எடுக்கப் படிவம் இல்லையாம்.

நேற்று ஒரே ஒரு புள்ளி
சிவப்புக்கு வெளியே. அறுபத்து நான்கு.
ரப்பரைப் பார்த்தேன். சூட்டைப் பார்த்தேன்.
ஊசியை மாற்றிப் பார்த்தேன்.
ஷட்டர் மூடியிருந்தது, கடிகாரம் சரியாக இருந்தது.
சார் பேனாவைத் திறந்து நீட்டினார்.
கட்டத்துக்குள் எழுதினேன்:
தேடியாயிற்று. தெரியவில்லை.
அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.
கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.